முப்பது சிட்டிங்கா, நாலா? காரணத்தையும் எழுதிக் கொடுங்கள்

மும்பையில் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் இங்கே வந்து, தோல் பட்டறையில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். இப்போது அவருக்கு வயது 74. நான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஒரு தொகையைப் பார்த்தால் அது எதற்கு, எங்கிருந்து வந்தது என்று கேட்டு, சீட்டைச் சரிபார்த்த பிறகுதான் பதிவு செய்வேன். இருபது வருடப் பழக்கம் அது. அப்படிப்பட்ட நானே, அப்பாவின் நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு மருத்துவமனை சொன்ன எண்ணை எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த எண் முப்பது. கதிர்வீச்சுக்கு முப்பது தடவை, அதாவது முப்பது சிட்டிங், வர வேண்டும் என்று அர்த்தம்.

நடந்ததைச் சொல்கிறேன். குடலிறக்க ஆப்ரேஷனுக்கு முன்னால் எடுத்த எக்ஸ்-ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு புள்ளி தெரிந்தது. எங்கள் பகுதியில் நெஞ்சில் என்ன தெரிந்தாலும் முதலில் டி.பி. என்றுதான் நினைப்பார்கள். சளிப் பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை. மருந்தை ஆரம்பித்துப் பார்க்கலாம் என்றவர்களிடம், பயாப்ஸி எடுத்துவிடலாமே என்று என் தம்பி விடாமல் கேட்டான். அவன் கேட்டது எங்கள் புண்ணியம். புற்றுநோய் என்று வந்தது. உடம்பில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேனில் நெறிக்கட்டிகளிலும் இல்லை, வேறு எங்கும் இல்லை. கட்டி 2.3 செ.மீ. முதல் கட்டத்திலேயே பிடிபட்டுவிட்டது. நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரிகிறது என்பதால், இது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

உடம்பு தாங்குகிறவர்களுக்கு ஆப்ரேஷன்தான் முதல் வழி என்றார் சர்ஜன். அப்பா முப்பது வருடம் பீடி குடித்தவர். குழாயில் ஊதிப் பார்க்கும் டெஸ்டில் பாதி மூச்சுகூட வரவில்லை. மூன்று முறை ஊதிவிட்டு, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் மீதி வைத்துச் சமாளிக்க முடியாது, கதிர்வீச்சுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் சொல்வதுபோலச் சொன்னால், கரண்ட் வைக்க வேண்டும்.

புறநகரில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அங்கே 60 கிரே, 30 சிட்டிங், திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறு வாரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு. நான் கேட்ட ஒரே கேள்வி, காலை நேரத்தில் கிடைக்குமா என்பதுதான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். போக வர டாக்ஸிக்கு 700 ரூபாய், முப்பது நாளைக்கு 21,000. தம்பிக்குத் தினக்கூலி, அவனை ஆறு வாரம் இழுக்க முடியாது. எனக்கு மீதியிருந்த லீவு பதினோரு நாள். அப்பாவைத் தனியாக லோக்கலில் ஏற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். ஆனால் காலை எட்டு மணிக்கு சயான் ஸ்டேஷனில் அந்தப் பெட்டியும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முலுண்டிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெரியவர், ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க நின்ற வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றார். பேச்சுவாக்கில், “எங்க வீட்டுல அவங்களுக்கும் நுரையீரல்தாம்மா. நாலே தடவைல முடிச்சிட்டாங்க” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது தடவை வைக்க வேண்டியதை நாலு தடவையில் முடித்தால் அது என்ன வைத்தியம், ஏழை என்று ஏமாற்றியிருக்கிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இரவெல்லாம் அந்த நாலு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் அந்தப் புறநகர் மருத்துவமனைக்கே போய்க் கேட்டேன். “இங்கே முப்பதுதான் கொடுக்கிறோம், அதுதான் வழக்கம்” என்றார் டாக்டர். அடுத்த நோயாளியின் ஃபைல் அதற்குள் மேஜைக்கு வந்துவிட்டது.

பிறகு வேறொரு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்டோம். அங்கிருந்த டாக்டர் அப்பாவின் சி.டி. படத்தைத் திரையில் ஓட்டிக் காட்டினார். கட்டி நுரையீரலின் வெளி ஓரமாக இருந்தது. பெரிய மூச்சுக்குழாய்களிலிருந்து தள்ளி, விலா எலும்புக்குக் கொஞ்சம் பக்கத்தில். “48 கிரே, 4 சிட்டிங். இன்னும் தள்ளி இருந்தால் மூன்றிலேயே முடித்திருப்பேன். விலா எலும்பு பக்கத்தில் இருப்பதால் நாலாகப் பிரிக்கிறேன்” என்றார். ஒரு எண்ணுக்கு ஒரு காரணம் என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவர் பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் உங்கள் எல்லோரிடமும் கேட்கப் போகிறேன்.

அன்று இரவு இரண்டு மருத்துவமனைச் சீட்டுகளையும் அடுப்பங்கரைத் தரையில் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “ஏட்டி, அறுவது பெருசா, நாப்பத்தெட்டு பெருசா? கொறைச்சுக் குடுத்துக் கழிச்சுவிடப் பாக்காவளோ?” என்றார். நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. உங்களிடம் வருகிற எந்தக் குடும்பத்துக்கும் அந்தச் சந்தேகம் வரும்.

இரண்டாவது டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு சிட்டிங்கில் கொடுக்கும் அளவைப் பத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, மொத்த அளவால் பெருக்க வேண்டும். வருகிற விடைதான் கட்டி மீது விழும் உண்மையான அடி. கால்குலேட்டரை எடுத்து நானே போட்டேன். 60 கிரேயை இரண்டிரண்டாக முப்பது நாள் கொடுத்தால் 72. 48 கிரேயைப் பன்னிரண்டு பன்னிரண்டாக நாலு நாள் கொடுத்தால் 105.6. மூன்று நாளில் 54 கிரே என்றால் 151.2. சின்ன எண்ணாகத் தெரிந்த 48தான் பெரிய அடி. அப்பாவிடம் அவர் தொழிலை வைத்தே சொன்னேன். ஆணி ஒன்றை முப்பது தடவை லேசாகத் தட்டுவதும், நாலே தடவை ஓங்கி அடிப்பதும் ஒன்றா? அப்பா சிரித்துக்கொண்டு, “அடிக்கிற எடம் சரியா இருக்கணும்ட்டி. தப்புச்சின்னா தோலு கிழிஞ்சிரும்” என்றார்.

விஷயம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது, சுற்றியிருக்கும் நல்ல திசுக்கள் இடைவேளையில் தேறிக்கொள்வதற்காக. மூச்சுக்கு மூச்சு அசைகிற நுரையீரலுக்குள் கட்டி எங்கே இருக்கிறது என்று துல்லியமாகப் பார்க்க முடியாத காலத்தில், பெரிய வட்டம் போட்டு, சின்ன அளவாகத்தான் கொடுக்க முடிந்தது. 1990-களில் ஸ்டாக்ஹோமில் இருக்கும் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், மூளைக்குச் செய்துவந்த குறிவைத்த கதிர்வீச்சை உடம்புக்கும் கொண்டுவந்தார்கள். எஸ்.பி.ஆர்.டி. என்று நீங்கள் சொல்வது அதுதான். மூச்சோடு கட்டி எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க ஃபோர்-டி சி.டி., ஒவ்வொரு சிட்டிங்குக்கும் முன்னால் மேஜையிலேயே எடுக்கும் சி.டி., பல திசைகளிலிருந்து வந்து கட்டியில் மட்டும் கூடுகிற கதிர்கள் எல்லாம் சேர்ந்த பிறகுதான் பன்னிரண்டு கிரேயை ஒரே நாளில் வைக்கும் துணிச்சல் வந்தது.

அப்புறம், கிடைத்ததையெல்லாம் படித்தேன். டாக்டர்களுக்கு நான் பாடம் நடத்தவில்லை. எடுத்துச் சொன்னால் ஒரு கணக்கு எழுதுகிறவளுக்கும் இது புரியும் என்று காட்டத்தான் எழுதுகிறேன்.

ஆப்ரேஷன் தாங்காத நோயாளிகளுக்கு 54 கிரேயை மூன்று சிட்டிங்கில் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2010-இல் வந்தது. மூன்று வருடம் கழித்தும் நூற்றுக்கு 97.6 பேருக்கு அந்தக் கட்டி கட்டுக்குள் இருந்தது. அதே மூன்று வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 55.8 பேர்தான். அந்த இரண்டாவது எண்ணைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் எல்லோரும் என் அப்பா மாதிரி ஏற்கெனவே நுரையீரலோ இதயமோ பழுதானவர்கள். கட்டி போனாலும் மற்ற நோய்கள் இருக்கின்றன. அதையும் டாக்டர் எங்களிடம் மறைக்கவில்லை. அதற்காகவே அவர் மீது நம்பிக்கை கூடியது.

நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்ததில் முக்கியமானது ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2019-இல் வெளியானது. 101 பேர். 66 பேருக்கு மூன்று அல்லது நாலு சிட்டிங், 35 பேருக்குப் பழைய முறையில் 66 கிரே 33 சிட்டிங் அல்லது 50 கிரே 20 சிட்டிங். கட்டி அதே இடத்தில் மறுபடி தலைகாட்டியது முதல் பிரிவில் 9 பேருக்கு, இரண்டாவது பிரிவில் 11 பேருக்கு. நூற்றுக்கு 14-ம் 31-ம். அப்பாவுக்கு 72-ஆ 105.6-ஆ என்று தரையில் உட்கார்ந்து போட்ட கணக்கு, இந்த இரண்டு எண்களில் மனிதர்களாகத் தெரிந்தது.

ஆனால் எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 102 பேரிடம் 66 கிரே 3 சிட்டிங்கையும் 70 கிரே 35 சிட்டிங்கையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்டார்கள். உயிரோடு இருந்தவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியவில்லை. பக்கவிளைவு மட்டும் மூன்று சிட்டிங் பிரிவில் குறைவு. சரி, அப்படியே இரண்டும் சமம் என்று வைத்துக்கொண்டாலும், மருத்துவமனைக்கு 35 தடவை அலைவதும் 3 தடவை வந்துபோவதும் ஒரு குடும்பத்துக்குச் சமமா? டாக்ஸிக்குக் கொடுத்ததும், போன கூலியும் எந்த மருத்துவமனை பில்லிலும் வராது. டாடா புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் பரேலில் நடைபாதையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்களே, பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள், அவர்களுக்கு ஆறு வாரம் என்றால் ஆறு வாரமும் அங்கேதான். தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலையில் இடம் கிடைத்தால் அது பெரிய பாக்கியம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குறைவான சிட்டிங்தான் எல்லோருக்கும் நல்லது என்று நான் எழுதவில்லை. காத்திருக்கும் அறையில் எங்களோடு மாட்டுங்காவைச் சேர்ந்த ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். அவருக்கு 60 கிரே, 8 சிட்டிங். அப்பாவுக்கு நாலுதான் என்று கேள்விப்பட்டதும் முகம் வாடிவிட்டது. “எனக்கு ரொம்ப முத்திப்போச்சு போலிருக்கும்மா, மறைக்கிறாங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சில்லென்று இருந்தது. அவருக்குக் கட்டி முற்றவில்லை. பெரிய மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடத்தில் மூன்றே சிட்டிங்கில் பெரிய அளவு வைத்தால் ஆபத்து பல மடங்கு என்று 2006-லேயே அமெரிக்காவின் இண்டியானாவில் கண்டுபிடித்து எச்சரித்துவிட்டார்கள். மூச்சுக்குழாயை ஒட்டியே இருக்கும் கட்டிகளுக்கு 56 கிரேயை எட்டாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்த வடஐரோப்பிய ஆய்வு 2021-இல் வந்தது. 65 பேரில் 10 பேர் சிகிச்சையின் விளைவால் இறந்திருக்கலாம் என்று அதில் இருக்கிறது, பெரும்பாலும் ரத்தக்கசிவால். ஆகவே அந்த அம்மாவுக்கு எட்டு என்று முடிவெடுத்த டாக்டர், கவனத்தோடுதான் எடுத்திருக்கிறார். 60 கிரே எட்டு சிட்டிங்குக்கு என் கால்குலேட்டரில் 105 வருகிறது. அப்பாவுடையதற்குக் கிட்டத்தட்ட அதே அடி, பத்திரமாகப் பிரித்துக் கொடுத்தது. இதை யாராவது அவரிடம் ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் அத்தனை நாள் பயந்துகொண்டு இருந்திருக்க மாட்டார். நான் சொன்னேன். நான் சொன்னால் போதுமா? அவர் தலையை ஆட்டினார், ஆனால் கண் உங்கள் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

அதேபோல, எஸ்.பி.ஆர்.டி. வசதி இல்லாத மருத்துவமனைகளையும் நான் குறை சொல்லவில்லை. 30-க்கும் 4-க்கும் நடுவில் வேறு எதுவும் இல்லையா என்று தேடியபோதுதான் கனடாவில் 233 பேரிடம் நடந்த ஆய்வு கிடைத்தது, 2024-இல் வந்தது. ஒரு பிரிவுக்கு எஸ்.பி.ஆர்.டி., கட்டி ஓரத்தில் இருந்தால் 48 கிரே 4 சிட்டிங், நடுவில் இருந்தால் 60 கிரே 8. இன்னொரு பிரிவுக்கு 60 கிரேயை 15 சிட்டிங்கில். மூன்று வருடம் கழித்துக் கட்டி கட்டுக்குள் இருந்தது முதல் பிரிவில் நூற்றுக்கு 87.6 பேருக்கு, இரண்டாவதில் 81.2 பேருக்கு. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆய்வு செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். என் சொந்த மனது 87.6 பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் நாலு முடியாத இடத்தில் பதினைந்து இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய செய்தி! மொத்தம் அதே 60 கிரே, பாதி நாள், கணக்கில் 72 போய் 84. எங்களுக்கு முப்பது எழுதிய இடத்தில் இந்தப் பதினைந்தைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரே ஒரு சிட்டிங் முறைகூட இருக்கிறது. ஓரத்தில் இருக்கும் கட்டிகளுக்கு 34 கிரேயை ஒரே தடவையில் வைப்பதையும் 48 கிரேயை நாலு தடவையில் வைப்பதையும் அமெரிக்காவில் ஒப்பிட்டார்கள். முடிவுகள் கிட்டத்தட்டச் சமமாக வந்தன. கொரோனா வந்த 2020-இல், ஆள், மெஷின் தட்டுப்பாடு ஏற்பட்டால் ஒரே சிட்டிங்கில் முடிக்கலாம் என்று ஐரோப்பிய, அமெரிக்கக் கதிர்வீச்சு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்தே ஆலோசனை சொன்னன. நான் அதை டாக்டரிடம் கேட்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை. விலா எலும்பைத் திரும்பவும் காட்டி, “உங்க அப்பாவுக்கு நான் நாலுதான் கொடுப்பேன்” என்றார். கேட்டேன், பதில் வந்தது, மனது அமைதியானது.

சிகிச்சை எப்படி நடந்தது என்றும் சொல்ல வேண்டும். நாலு என்று கேட்டதும் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. திட்டமிடவே இரண்டு வாரம் போனது. நீல நிறத்தில் மெத்தைபோல ஒரு பையில் அப்பாவைப் படுக்க வைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினார்கள். அவர் முதுகின் வளைவு அப்படியே அதில் அச்சாக நின்றது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். நாற்பது வருடம் தோல் இழுத்த தோள்பட்டை அது. பாதியில் வலி தாங்காமல் கை நடுங்கியது, நிறுத்தினார்கள். டெக்னீஷியன் பையன் தோளுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, “பாபா, ஆராம் சே” என்று சொல்லி, திரும்பவும் சி.டி. எடுத்துச் சரிபார்த்தான். எல்லாம் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் கணக்கு. அந்தப் பொறுமையை நேரில் பார்த்தபோது, நாலே சிட்டிங் என்பது குறுக்குவழி இல்லை என்று கண்ணாலேயே தெரிந்தது. ஒன்றுவிட்டு ஒரு நாள் போனோம், இரண்டாவது வாரத்தில் முடிந்தது. எனக்குப் பதினோரு நாள் லீவில் ஐந்து நாள் மீதி.

பிறகு ஒரு வாரம் அசதி, கொஞ்சம் வறட்டு இருமல். ஆறாவது மாதம் விலாவில் வலி வந்தது. இப்படி வரலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பயப்படவில்லை. பயந்தது வேறொரு இடத்தில். வேறு ஊரில் இருந்தபோது மூச்சு வாங்குகிறது என்று எடுத்த சி.டி.யைப் பார்த்து, கட்டி பெரிதாகியிருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். அந்த இரவை மறக்க முடியாது. எஸ்.பி.ஆர்.டி. கொடுத்த இடத்தில் தழும்பு படர்ந்து, படத்தில் கட்டி மாதிரியே தெரியுமாம். எவ்வளவு அளவு, எத்தனை சிட்டிங், எந்த இடத்தில் என்ற சீட்டை மும்பையிலிருந்து தம்பி வாட்ஸப்பில் அனுப்பிய பிறகுதான் அந்த ரிப்போர்ட்டைத் திருத்தினார்கள். பழைய படங்களோடு ஒப்பிட்டபோது அது தழும்புதான் என்று ஆனது. அந்தச் சீட்டு எங்களிடம் இல்லாமல் இருந்திருந்தால் அப்பாவை என்னென்ன செய்திருப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இனி என் கோரிக்கை. ஒரே ஒரு தாள் கேட்கிறேன். முதல் கட்ட நுரையீரல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்று முடிவான அன்றைக்கே அந்தத் தாள் கையில் வர வேண்டும். மொத்தம் எத்தனை கிரே, எத்தனை சிட்டிங் என்று இப்போதும் எழுதுகிறீர்கள். அதன் கீழே, ஏன் இந்த எண் என்று இரண்டு வரி. கட்டி எங்கே இருக்கிறது, எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று. இந்த நோயாளிக்குப் பொருந்தக்கூடிய வேறு முறைகள் எவை, அவற்றை ஏன் எடுக்கவில்லை என்று இன்னும் இரண்டு வரி. காரணம் மெஷின் இல்லை என்பதுதான் என்றால், “எஸ்.பி.ஆர்.டி. எங்களிடம் இல்லை, இந்த மருத்துவமனையில் இருக்கிறது” என்று எழுதிவிடுங்கள். அதை எழுதுவது உங்களுக்குக் குறைவு ஆகாது. எங்களுக்கு அது உயிர். சிகிச்சை முடிந்த அன்று, உண்மையில் கொடுத்தது என்ன என்ற சீட்டும் கேட்காமலேயே கைக்கு வர வேண்டும்.

நிர்வாகிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முப்பது தடவை மெஷின் ஓடினால் வருமானம் வேறு, நாலு தடவை ஓடினால் வேறு என்று வெளியே மக்கள் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. காரணம் எழுதிய தாள் கையில் இருந்தால் அந்தப் பேச்சே எழாது. நாலு சிட்டிங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு வாரத் திட்டமிடலையும், மருத்துவ இயற்பியலாளர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து போடும் கணக்கையும் பில்லில் தெளிவாகக் காட்டுங்கள். மக்கள் புரிந்துகொள்வார்கள்.

நாடெங்கும் ஒரே தரத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று 2012-இல் தொடங்கிய நேஷனல் கேன்சர் கிரிட், பரேலில் இருக்கும் டாடா நினைவு மருத்துவமனையை மையமாக வைத்து இயங்குகிறது. அதில் இருக்கும் மருத்துவர்களிடமும் கேட்கிறேன். அந்தத் தாளுக்கு ஒரு மாதிரிப் படிவம் நீங்கள் போட்டுக் கொடுத்தால், மும்பையில் மட்டுமல்ல, மற்ற ஊர்களிலும் பின்பற்றுவார்கள்.

உங்களுக்கு நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஓ.பி.டி.யில் காலையிலிருந்து சாப்பிடாமல் உட்கார்ந்து பார்க்கும் டாக்டர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பேச்சாகக் கேட்காமல் தாளாகக் கேட்கிறேன். ஒருமுறை அச்சடித்து வைத்துவிட்டால், எண்களையும் அந்த நோயாளிக்குரிய காரணத்தையும் நிரப்பினால் போதும். மராத்தி, இந்தி, உருது, வங்காளம், தமிழ் என்று ஒவ்வொரு மொழியிலும் இருக்கட்டும். அப்பாவைப்போலத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் நிறையப் பேர். தமிழ்ப் படிவத்தை எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். எனக்குச் சனிக்கிழமை அரை நாள்தான் வேலை, மதியம் இரண்டு மணிக்கு மேல் எந்த மருத்துவமனைக்குக் கூப்பிட்டாலும் வருவேன். அப்பாவும் வருவதாகச் சொல்கிறார். எழுதியதை அவர் ஒருமுறை வாசித்து, தனக்குப் புரிகிறதா என்று பார்த்துச் சொல்வாராம்.

இப்படிக்கு,
தாராவி தொண்ணூறடிச் சாலையிலிருந்து ஒரு மகள்